ஸ்வெட் வழக்கில் சான்றுகள் பேசிய விதம்

பாகுபாட்டை எதிர்த்து வழக்குப் போட வருகிறவர்களில் பலருக்கு நடந்த அநியாயம் வரிக்கு வரி மனப்பாடம். கையில் ஆவணம் மட்டும் இருக்காது. அமெரிக்காவின் ஹீமன் ஸ்வெட் வழக்கை இவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

ஸ்வெட், ஹூஸ்டனில் தபால்காரராக இருந்த கறுப்பினத்தவர். 1946 பிப்ரவரியில் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு முறைப்படி விண்ணப்பித்தார். தகுதியில் குறை சொல்ல வழியில்லாததால், மறுப்புக்கு இனம் ஒன்றே காரணம் என்பது பதிவாகிவிட்டது. 'எப்படியும் தர மாட்டார்கள்' என்று விண்ணப்பிக்காமலே வழக்குக்குப் போயிருந்தால் வழக்குமூலமே, அதாவது வழக்குப் போடுவதற்கான அடிப்படையே, இருந்திருக்காது.

மறுத்தது சமத்துவ உரிமைக்கு விரோதம் என்றது விசாரணை நீதிமன்றம். ஆனாலும் சேர்க்க உத்தரவிடாமல், கறுப்பினத்தவருக்குச் சமமான சட்டக் கல்வி தர மாநிலத்துக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. பிறகு 1947-இல் ஆஸ்டினில் ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் சில அறைகளை எடுத்து, 'கறுப்பினத்தவர் சட்டப் பள்ளி' என்று அரசு காட்டியது. ஸ்வெட் அங்கே போகவில்லை. போயிருந்தால் 'கேட்டது கிடைத்துவிட்டதே' என்று எதிர்த்தரப்பு வழக்கையே முடிக்கப் பார்த்திருக்கும்.

மேல்முறையீடு முடிவதற்குள் ஹூஸ்டனில் கறுப்பினத்தவருக்கென்று தனிப் பள்ளியே வந்துவிட்டது: 5 பேராசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 நூல்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகப் பள்ளியிலோ முழுநேரப் பேராசிரியர்கள் மட்டுமே 16 பேர். 850 மாணவர்கள், 65,000-க்கு மேல் நூல்கள். இந்த இடைவெளியை மட்டும் நம்பி வழக்காடுவது ஆபத்து. நாளைக்கே அரசு நூல்களை வாங்கி அடுக்கிவிட்டால் வாதம் போச்சு. ஸ்வெட்டின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தரப்பு இதை உணர்ந்தே, பிரித்து வைப்பதற்கே அடிப்படையில்லை என்று காட்ட மானிடவியலாளர் ராபர்ட் ரெட்ஃபீல்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. இனத்தால் கற்கும் திறன் வேறுபடும் என்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று அவர் சொன்னார்.

1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஸ்வெட்டைச் சேர்க்கச் சொன்னது. ஆசிரியர்களின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு போன்ற எண்ணி அளக்க முடியாதவற்றையும் அது கணக்கில் எடுத்தது. வருங்கால வழக்கறிஞர் யாரோடு தொழில் செய்யப்போகிறாரோ அந்த 85 சதவீத மக்களை விலக்கிய பள்ளி எப்படிச் சமமாகும் என்று கேட்டது. எங்களைப் பொறுத்தவரை தீர்ப்பின் உயிர் இந்தப் பகுதிதான். ஆனால் 'தனித்தனியே, ஆனால் சமம்', அதாவது வசதிகள் சமமாக இருந்தால் இனங்களைப் பிரித்து வைக்கலாம் என்ற 1896-ஆம் ஆண்டுக் கோட்பாட்டை அது ரத்து செய்யவில்லை.

சேர்க்கை கிடைத்தாலே வழக்கு முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஓக்லஹோமா பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்ட கறுப்பின மாணவர் மெக்லாரினை வகுப்பை ஒட்டிய பக்க அறையில் உட்கார வைத்தது. நூலகத்தில் மேல்மாடத்தில் தனி மேசை, உணவகத்தில் தனி நேரம். இவையும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அதே நாளில் தீர்ப்பளித்தது; ஆனால் அதற்கு இன்னொரு வழக்கு தேவைப்பட்டது. ஆகவே இருக்கை, நூலகம், விடுதி, உணவகம் என ஒவ்வொன்றையும் முதல் மனுவில் நீதிமன்றத்திடம் என்ன வேண்டும் என்று கேட்கும் பரிகாரப் பகுதியிலேயே தனித்தனியாகக் கேளுங்கள்.