லண்டன் பிஷப்பின் ஆணை செல்லாத லண்டன் ஆலயங்கள்

வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி என்ற ஆலயம் லண்டனின் நட்டநடுவில் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) ஆலயங்கள் பெரும்பாலும் லண்டன் பிஷப்பின் ஆளுகையில் வருகின்றன. ஆபி வராது. அங்கே யார் பிரசங்கிக்கலாம், எந்தக் குருவின் மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்பதில் அவர் பேச்சு எடுபடாது. அவருக்கும் மேலே இருக்கிற கான்டர்பரி ஆர்ச்பிஷப்பின் பேச்சும் எடுபடாது. மன்னருக்கு முடிசூட்டுவது அந்த ஆர்ச்பிஷப்தான், விழா நடப்பதும் அதே ஆபியில்தான். இருந்தும் அங்கே அவர் விருந்தாளி.

இப்படி பிஷப்பின் பிடிக்கு வெளியே, நேரடியாக அரியணையின் கீழ் இருக்கும் ஆலயத்துக்கு ராயல் பெக்யூலியர் என்று பெயர். இங்கிலாந்துத் திருச்சபை முழுவதற்குமே மன்னர்தானே தலைவர், இதில் என்ன விசேஷம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் இடையில் இருக்கும் படிகளில் இருக்கிறது.

சாதாரண ஊர் ஆலயம் ஒரு சேகரத்தில் அடங்கும். பல சேகரங்கள் சேர்ந்து திருமண்டலம், அதற்கு பிஷப். திருமண்டலங்கள் கான்டர்பரி, யார்க் என்ற இரண்டு மாகாணங்களுக்குள் வரும், அவற்றுக்கு ஆர்ச்பிஷப்கள். மன்னர் இந்த ஏணியின் உச்சியில் இருந்தாலும், ஊர் ஆலயத்தில் ஒரு பழைய பலகணியை மாற்றுவதற்கு யாரும் அரண்மனைக்கு எழுதுவதில்லை. திருமண்டல நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால் போதும். ராயல் பெக்யூலியரில் நடுப்படிகள் மொத்தமாகக் காணாமல் போய்விடுகின்றன. ஆபியில் மேலே மன்னர், கீழே டீன் என்ற தலைமைக் குருவும் அவருடைய சாப்டர் குழுவும், அவ்வளவுதான். டீனை நியமிப்பவர் மன்னர். அன்றாட நிர்வாகம் முழுக்க டீன் கையில். தகராறு முற்றினால் தீர்த்துவைக்க விசிட்டர் என்ற மேலதிகாரி உண்டு, அந்தப் பொறுப்பும் மன்னருக்கே.

அரச குடும்பத்தின் தனி ஆசைக்காக உண்டாக்கிய சலுகை என்று நினைத்தால் பாதிதான் சரி. ஆபியின் விலக்கு அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1222இல் ஒரு மத்தியஸ்தத் தீர்ப்பு, ஆபியின் மேல் லண்டன் பிஷப்புக்கு அதிகாரம் இல்லை என்று முடித்துவைத்தது. அதன்பின் மடம் நேரடியாக ரோமின் போப்புக்குக் கட்டுப்பட்டது. 1530களில் எட்டாம் ஹென்றி ரோமுடன் உறவை முறித்துக்கொண்டபோது போப்பின் அதிகாரங்கள் மன்னர் கைக்கு மாறின. நாற்காலி அப்படியே இருக்க, உட்கார்ந்திருந்த ஆள் மாறினார்.

நடுவில் கொஞ்சம் குழப்பம் நடந்தது. 1540இல் ஹென்றி மடத்தைக் கலைத்து, அதே ஆண்டு அதைப் புதிய திருமண்டலத்தின் கதீட்ரல், அதாவது பிஷப்பின் தலைமை ஆலயம் ஆக்கினார். அதற்கு பிஷப்பாக வந்த தாமஸ் தர்ல்பிதான் முதலும் கடைசியும். 1550இல் அந்தத் திருமண்டலமே போய்விட்டது. கத்தோலிக்க அரசி மேரி 1556இல் துறவிகளைத் திரும்ப அழைத்துவந்தார். அவர் தங்கை முதலாம் எலிசபெத் அவர்களை மறுபடி அனுப்பிவிட்டு, 1560 மே மாதம் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். டீனும் சாப்டரும் நடத்தும் ஆலயம், மேலே மன்னர் மட்டும். இன்றைக்கும் ஆபி அந்தச் சாசனத்தில்தான் நிற்கிறது.

மன்னரும் பிஷப்பும் ஒரே ஆலயத்துக்குப் போட்டி போட்டால் அடி யார்மேல் விழும் என்பதற்குக் இங்கிலாந்தின் தென்மேற்கில் கார்ன்வால் முனையில் உள்ள செயின்ட் பரியன் என்ற ஊர் நல்ல சாட்சி. பதினான்காம் நூற்றாண்டில் இது எங்கள் சிற்றாலயம் என்று மன்னர் தரப்பு டீனை நியமித்தது. என் திருமண்டலத்துக்குள் இருக்கிற ஊர் எனக்குத்தான் என்றார் எக்சிட்டர் பிஷப் கிராண்டிசன். 1328இல் தமக்குப் பணியாத ஊர்க்காரர்களைத் திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்தார். 1336இல் அவர்கள் இறங்கிவந்தபோது பலருக்குக் கார்னிஷ் மொழி தவிர வேறெதுவும் தெரியவில்லை. பக்கத்து ஊர் செயின்ட் ஜஸ்ட் குரு மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் வாய்வழியாகவே பணிவு தெரிவித்தார்கள். எட்டு வருடம் தண்டனை அனுபவித்த அந்த மக்களிடம், உங்களுக்கு யார் வேண்டும் என்று யாராவது கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். இத்தனைக்கும் பிறகு அந்த ஊர் மன்னரின் பெக்யூலியராகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

இப்போது மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். வின்ட்சர் கோட்டையின் செயின்ட் ஜார்ஜ் சிற்றாலயம், லண்டன் கோபுரக் கோட்டைக்குள் இருக்கும் இரண்டு சிற்றாலயங்கள், வழக்கறிஞர் சங்கங்கள் இரண்டு சேர்ந்து பராமரிக்கும் டெம்பிள் ஆலயம், சவாய் சிற்றாலயம், செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் சேப்பல் ராயல் ஆகியவை முக்கியமானவை.

சேப்பல் ராயல் கொஞ்சம் வேடிக்கையானது. ஆதியில் அது கட்டடமே இல்லை, மன்னர் போகுமிடமெல்லாம் கூடவே போன குருக்களும் பாடகர்களும் அடங்கிய குழு. தாமஸ் டாலிஸ், வில்லியம் பேர்ட், ஹென்றி பர்செல் என்று ஆங்கில இசையின் பெரிய தலைகள் அதில் சம்பளம் வாங்கினார்கள். இந்தச் சேப்பல் ராயலின் டீன் வழக்கமாக யார் தெரியுமா? லண்டன் பிஷப்! பிஷப் என்ற முறையில் இங்கே அவருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. மன்னரின் அரண்மனை ஊழியர் என்ற முறையில் எல்லா அதிகாரமும் உண்டு.

சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத இடம் இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆள் வராமல் இருக்குமா? 1753இல் ரகசியத் திருமணங்களைத் தடுக்க இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஆலயத்தில் முன்கூட்டியே ஓலை வாசிக்க வேண்டும், அதாவது திருமண அறிவிப்பை எல்லோர் முன்னும் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் முறையான உரிமம் வேண்டும். சவாய் சிற்றாலயக் குரு ஜான் வில்கின்சன், இது அரச இடம், உரிமம் கொடுக்க எனக்கே உரிமை உண்டு என்று தொடர்ந்து திருமணம் செய்துவைத்தார். நெருக்கடி வந்ததும் தாம் மறைந்துகொண்டு உதவிக் குரு ஒருவரை முன்னே நிறுத்தினார். அரசு அந்த வாதத்தை ஏற்கவில்லை. இருவருக்கும் பதினான்கு வருட நாடுகடத்தல். மன்னரின் ஆலயமாக இருப்பதால் நாடாளுமன்றச் சட்டம் உள்ளே வராது என்று ஆகிவிடாது. விலக்கு பிஷப்பிடமிருந்து மட்டும்தான். வில்கின்சன் கோட்டைவிட்டது இங்கேதான்.

மன்னர் மட்டும் இப்படிப் பெக்யூலியர் வைத்திருக்கவில்லை. பிஷப்களும் கதீட்ரல் டீன்களும்கூட மற்றவர் எல்லைக்குள் தங்கள் துண்டு நிலங்களை வைத்திருந்தார்கள். லண்டன் நகருக்குள்ளேயே கான்டர்பரி ஆர்ச்பிஷப்புக்கு 13 சேகரங்கள் சொந்தமாக இருந்தன. சில இடங்களில் ஒரு தெரு தள்ளிக் குடிபோனால் உயில் பதிவு செய்யும் திருச்சபை நீதிமன்றமே மாறிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தங்கள் இவற்றில் பெரும்பாலானவற்றை துடைத்தெடுத்தன. 1857ஆம் ஆண்டுச் சட்டம் உயில் வழக்குகளையும் திருச்சபையிடமிருந்து எடுத்துக்கொண்டது. மன்னருடையவற்றில் சில மட்டும் தப்பின.

தப்பியதற்கு ஒரு விலை உண்டு. 1998இல் ஆபியின் இசைத் தலைவரை நிதி விவகாரம் ஒன்றில் டீனும் சாப்டரும் பதவி நீக்கினார்கள். வேறு ஆலயமாக இருந்தால் பிஷப்பிடம் போயிருக்கலாம். இங்கே விசிட்டரான அரசி இரண்டாம் எலிசபெத்திடம்தான் மனு போட வேண்டியிருந்தது. அரசி தாமே விசாரிக்க உட்காரவில்லை. ஓய்வுபெற்ற மூத்த நீதிபதி ஜான்சி பிரபுவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். நீக்கம் செல்லும் என்று அவர் தீர்ப்பளித்தார், ஆனால் ஆபி அதைக் கையாண்ட விதத்தையும் குறை சொன்னார். ஊதியம் வாங்கும் ஊழியரின் வேலைத் தகராறுக்கு நாட்டின் அரசி தீர்ப்பாளர் ஆக வேண்டியிருக்கிறது என்றால் ஏணியில் எங்கோ படி குறைகிறது என்றுதானே பொருள்? அரசி அமைத்த மறுஆய்வுக் குழு 2001இல் அறிக்கை கொடுத்தது. ராயல் பெக்யூலியர்கள் கலைக்கப்படவில்லை.

காசு விஷயத்தில் மட்டும் அரச ஆதரவு என்று எதுவும் இல்லை. ஆபிக்கு அரசாங்கமோ அரண்மனையோ திருச்சபையோ வழக்கமான மானியம் தருவதில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் நுழைவுச்சீட்டுதான் பெரும்பகுதிச் செலவைத் தாங்குகிறது. 2018இல் மேல்மாடத்தில் புதிய காட்சிக்கூடம் திறந்தார்கள். அதற்கு ஏறிப்போகத் தனியாக ஒரு கோபுரம் கட்ட வேண்டியிருந்தது. பிஷப்பைக் கேட்க வேண்டாத அந்த ஆலயம், அந்தக் கோபுரத்துக்கு நகராட்சியிடம் கட்டட அனுமதி வாங்கித்தான் கட்டியது.