பம்புக்குள் கொதிக்கும் பெட்ரோல்

கத்திரி வெயில் நாளொன்றில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்த தமது பழைய அம்பாசிடர், டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தும் இருமி இருமி நின்றுவிட்டதாகவும், அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் கிளம்பியதாகவும் எழுதி, ஒரு வாசகர் காரணம் கேட்டிருக்கிறார். மெக்கானிக்குகள் இதை 'வேப்பர் லாக்' என்பார்கள். எரிபொருளின் வழியை ஆவி அடைத்துக்கொண்டது என்று பொருள். ஆனால் கையில் பிடிக்க முடியாத ஆவி, ஒரு பம்பை எப்படி முடக்குகிறது?

தண்ணீரைப் போலப் பெட்ரோலுக்கு ஒரே கொதிநிலை இல்லை. அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் இலேசானவை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும், கனமானவற்றுக்கு 200 பாகை வரை வேண்டும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும் என்பது பள்ளிப் பாடம். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், எரிந்த புகையை வெளியேற்றும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. 'ஏ.சி. பம்பு' என்று பணிமனைகளில் வழங்கும் எரிபொருள் பம்போ, கொதிக்கும் எஞ்சின் உடம்பிலேயே திருகப்பட்டிருக்கிறது. டாங்க் இருப்பது வண்டியின் பின்புறத்தில். ஆகவே பம்பு பெட்ரோலை நெடுந்தொலைவிலிருந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுவதென்றால் அழுத்தத்தைக் குறைப்பது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பம்புக்குள் ஒரு நெம்புகோல், டயஃப்ரம் எனும் நெகிழும் சவ்வை இழுக்கிறது. அறை விரிந்து, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. டாங்கின் மேல் உள்ள காற்று பெட்ரோலை உள்ளே தள்ளுகிறது. பிறகு ஒரு ஸ்பிரிங் டயஃப்ரத்தை மறுபக்கம் அமுக்கி, பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. இப்போது அறைக்குள் இருக்கும் பெட்ரோல் நன்றாகச் சூடேறிவிட்டதாகக் கொள்வோம். டயஃப்ரம் இழுத்த கணமே அதில் ஒரு பகுதி கொதித்து, விரிந்த இடத்தை ஆவியாக நிரப்பிவிடுகிறது. அழுத்தம் குறையவில்லை, எனவே டாங்கிலிருந்து எதுவும் வருவதில்லை. ஸ்பிரிங் அமுக்கும்போது அந்த ஆவி சுருங்குகிறது, ஒரு பகுதி மறுபடி நீர்மமாகிறது. வால்வைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழுவதில்லை. அடிபம்பில் காற்று புகுந்தால் தண்ணீர் ஊற்றி அடித்தடித்து அதை வெளியேற்றிவிடலாம், ஏனெனில் அந்தக் காற்று ஓர் அளவுக்குட்பட்டது. ஆவி அப்படியன்று, ஒவ்வோர் இழுப்பிலும் புதிதாகப் பிறக்கிறது. தான் இறைக்க வேண்டிய பொருளின் ஆவியழுத்தத்துக்கு, அதாவது அதன் ஆவி தரும் அழுத்தத்துக்கு, கீழே எந்தப் பம்பாலும் அழுத்தத்தை இறக்க முடியாது.

மலைப்பாதை இதற்கு எல்லா வகையிலும் துணைபோகிறது. இரண்டாம் கியரில் மெல்ல ஏறும் எஞ்சின் கடுமையாகச் சூடாகிறது, எதிர்க்காற்றோ குறைவு. குன்னூரின் உயரமான சுமார் 1850 மீட்டரில் காற்றழுத்தமும் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

எத்தனாலையும் கணக்கில் கொள்ள வேண்டும். இன்று நாடெங்கும் 20 விழுக்காடு வரை அது கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. தனி எத்தனால் 78 பாகையில்தான் கொதிக்கும். ஆயினும் அதன் மூலக்கூறுகளைத் தம்முள் பிணைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் பெட்ரோலுக்குள் சிதறியதும் தளர்வதால், அவை எளிதில் ஆவியாகி, கலவையின் ஆவியழுத்தத்தையே உயர்த்திவிடுகின்றன. பழைய ரப்பர் குழாய்களையும் டயஃப்ரத்தையும் எத்தனால் அரிக்கக்கூடும் என்பது தனிக் கவலை. கார்புரேட்டர் வண்டிகளில் நம் ஊர் வெயிலில் இக்கலவை எப்படி நடந்துகொள்கிறது என்பதை அரசுப் பணத்தில் அளந்து, எளிய தமிழில் வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வண்டி குறிப்பிட்ட வளைவில் நிற்பதைக் காத்து கருப்பின் வேலை என்று நம்பி, எலுமிச்சம்பழம் நறுக்கிக் கற்பூரம் ஏற்றுவோர் உண்டு. அது முடிவதற்குள் பம்பு ஆறிவிடுவதால் வண்டி கிளம்புகிறது, நம்பிக்கையும் உறுதிப்படுகிறது. மெக்கானிக்கும் இதே பிழையைச் செய்யக்கூடும்: பிளக்கில் பொறி உண்டாக உதவும் இக்னிஷன் காயிலும் கண்டென்சரும் சூட்டில் செயலிழந்தால், அவையும் அதே அரை மணி நேரத்தில் ஆறித் தேறிவிடுகின்றன. ஆகையால் வண்டி நின்ற உடனேயே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சோதனையின்போது பெட்ரோல் ஆவிக்கு அருகில் பொறி விழாதபடி கவனம் தேவை. பொறி இருந்தால், எஞ்சினை அணைத்த நிலையில் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டரை அசைத்துப் பாருங்கள். பெட்ரோல் பீச்சும் வகைக் கார்புரேட்டராக இருந்தும் பீச்சவில்லையென்றால், அதில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் வறண்டிருக்கலாம். அடுத்து ஈரத்துணியைப் பம்பின்மேல் மட்டும் சுற்றுங்கள். இக்னிஷன் காயில் இன்னும் சூடாக இருக்கையிலேயே வண்டி உயிர் பெற்றால், குற்றவாளி ஆவியே.

ஓடும்போது நிற்காமல், நிறுத்திக் கால் மணி நேரத்தில் கிளம்ப மறுத்து, பெட்ரோல் வாடையும் வீசினால் அது வேறு நோய்: கார்புரேட்டர் கிண்ணம் கொதித்து வழிந்து எஞ்சினை நனைத்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடித்த பேக்லைட் தகடும், மேனிஃபோல்டுக்கு மேல் வெப்பத் தடுப்புத் தகடும் இதற்குரிய மருந்து.

வேப்பர் லாக்குக்கு முறையான தீர்வு, டாங்குக்கு அருகில் மின்பம்பு வைத்து, உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளுவது. குழாய் முழுவதும் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் உயரும். பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் அழுத்தம் கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்வு தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. ஆனால் செலவு செய்வதற்கு முன்பு, அடுத்த முறை வண்டி நின்றதும் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அதை ஓர் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாலே போதுமானதாக இருக்கலாம்.