சூழல்தொகுதி என்று சொல்லுங்கள்

'சுற்றுச்சூழல் அமைப்பு அழிகிறது' என்ற வரி செய்தியிலும் தமிழ்ப்பள்ளிப் பயிற்சித் தாளிலும் ஓயாமல் வருகிறது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், மரம் நடும் சங்கம் ஒன்றை மூடப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அமைப்பு என்றால் நமக்கு இளைஞர் அமைப்பு, மகளிர் அமைப்பு.

மலாய் மொழியில் இது எக்கோசிஸ்தம். மூலமான 'ecosystem' என்ற ஆங்கிலச் சொல்லை 1935இல் அச்சேற்றியவர் பிரிட்டனின் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. அதன் முன்பாதி, வீட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உயிர்களையும் மண், நீர், காற்று, வெயிலையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

'சுற்றுச்சூழல்' சறுக்குவது இங்கேதான். அது ஓர் உயிரைச் சுற்றி இருப்பதை மட்டும் சொல்கிறது. அந்த உயிரை வெளியே நிறுத்திவிடுகிறது. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைப் பாருங்கள். முன்பு பல தோட்டங்களில் தொழிலாளர்களே பெண் பூவில் மகரந்தம் தூவினார்கள். 1981இல் கேமரூன் நாட்டு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டபின் அந்த வேலை வண்டுடையதாகிவிட்டது. பழத்தை எலி தின்கிறது, எலியைக் கூகை பிடிக்கிறது. அதற்காகவே தோட்டத்தில் கூகைப் பெட்டி வைக்கிறார்கள். வெட்டி அடுக்கிய மட்டை பூஞ்சையால் மக்கி, சத்து மண்ணுக்கே திரும்புகிறது. ஆற்றல் அப்படித் திரும்பாது. உணவுச் சங்கிலியின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தோராயமாக 10 விழுக்காடுதான் போய்ச் சேரும். மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். எலிகள் ஏராளமாகவும் கூகைகள் கொஞ்சமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இத்தனை கொடுக்கல் வாங்கலும் அந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

தமிழ்நாட்டார் சூழல்மண்டலம் என்கிறார்கள். தப்பில்லை, ஆனால் மண்டலம் என்றதும் நமக்கு வட்டாரம்தான் தோன்றுகிறது. இலங்கைப் பாடநூல்களின் சூழற்றொகுதியே எனக்குச் சரியாகப் படுகிறது. சூழல், தொகுதி இரண்டும் சேரும் அந்தப் புணர்ச்சி கடினம் என்றால் சூழல்தொகுதி என்று எழுதலாம். பல உறுப்புகள் சேர்ந்து ஒன்றாவதுதான் தொகுதி. நாடாளுமன்றத் தொகுதி ஞாபகம் வருமே என்பார்கள். வரட்டும், முன்னால் 'சூழல்' நிற்கும்போது யாரும் ஓட்டுப் பெட்டியைத் தேடப்போவதில்லை. சுற்றுச்சூழல் அமைப்பு என்ற பெயரிலோ உண்மையிலேயே சங்கங்கள் இருக்கின்றன. வாக்கியத்தை முழுதாகப் படித்தாலும் குழப்பம் தீராது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'சிஸ்தம்' என்று கண்டால் போதும், வடிகாலோ கணினியோ காடோ, எல்லாவற்றுக்கும் 'அமைப்பு' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள்.