‘துருக்கி மார்பகம்’ அன்று, வான்கோழி நெஞ்சுக்கறி

தமிழில் இணையத்தில் கிடைக்கும் சமையல் குறிப்புகளில் ‘துருக்கி மார்பகம்’ என்றொரு தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. எந்திர மொழிபெயர்ப்பு பெற்றுத் தந்த தொடர் இது. ஆங்கிலத்தில் ஒரு பறவைக்கும் ஒரு நாட்டுக்கும் ‘டர்க்கி’ என்ற ஒரே பெயர் வழங்குவதால் பறவை இருக்க வேண்டிய இடத்தில் நாடு வந்து அமர்ந்துகொண்டது. பறவையின் நெஞ்சுத் தசையைக் குறிக்கும் ‘பிரெஸ்ட்’ என்ற சொல்லோ பெண்ணுடலின் உறுப்பாகப் பெயர்க்கப்பட்டுவிட்டது. இரண்டு சொற்களுமே பிழை. இரண்டுக்கும் தமிழில் பழகிய சொற்கள் உள்ளன.

முதலில் பறவையின் பெயரைப் பார்ப்போம். இது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோவின் தொல்குடிகள் இதை வீட்டுப் பறவையாக வளர்த்து வந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். துருக்கிய ஆட்சிப் பகுதிகளின் வழியாக வணிகர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் பறவையான கினிக்கோழியை ஆங்கிலேயர் முன்னரே ‘டர்க்கி’ என்று அழைத்து வந்தனர்; புதிதாக வந்த பெரிய பறவைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. துருக்கியர்களோ அதே பறவையை ‘ஹிந்தி’, அதாவது இந்தியப் பறவை, என்கிறார்கள். போர்த்துகீசியர்களுக்கு அது ‘பெரு’, அதாவது தென் அமெரிக்க நாட்டின் பெயர். டச்சு மொழிப் பெயர் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்தது. மலாய் மொழியில் அது ஒல்லாந்துக் கோழி. இம்மொழிகள் எல்லாம் இப்பறவையை வேறொரு நாட்டின் அல்லது ஊரின் கணக்கில் எழுதிவைத்திருக்க, தமிழ் எந்த நாட்டையும் சுட்டாமல் ‘வான்கோழி’ என்று பெயரிட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது.

‘வான்’ என்பதற்கு வானம், மேகம், மழை என்ற பொருள்களோடு பெருமை என்ற பொருளும் உண்டு. வானில் நெடுந்தொலைவு பறக்காத இந்தப் பறவைக்குப் ‘பெருங்கோழி’ என்ற பொருளே பொருந்தும் என்பது என் கருத்து. கான மயில் ஆடுவதைக் கண்டு தானும் சிறகை விரித்து ஆடிய வான்கோழியை ஔவையாரின் மூதுரை கல்லாதவன் கற்ற கவிக்கு உவமையாக்குகிறது. இன்று நாம் வான்கோழி என்னும் பறவையை, கொலம்பஸ் அமெரிக்கா சென்ற 1492க்கு முன், தமிழ்நிலத்தில் எவரும் பார்த்திருக்க முடியாது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு கோவாவிலிருந்து ஒரு வான்கோழி வந்து சேர்ந்ததும், அதை ஓவியர் மன்சூர் வரைந்ததும் 1612ஆம் ஆண்டையொட்டித்தான். ஆகவே அந்தப் பாடலை அதற்கு முற்பட்டதாகக் கொள்பவர்கள் அங்கே சொல்லப்படுவது வேறொரு பறவை என்றே கொள்ள வேண்டியிருக்கும். ஆயினும் வாலை விசிறிபோல் விரித்து நடப்பதில் இந்தப் பறவை மயிலுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு துல்லியமானது என்று புரியும்.

இனி இரண்டாவது சொல். ‘மார்பகம்’ இன்றைய வழக்கில் பெண்ணின் உறுப்பையே குறிக்கிறது. மருத்துவக் கட்டுரைகளில் அது நிலைபெற்ற சொல். பறவை இறைச்சியில் அந்தப் பகுதிக்கு ‘நெஞ்சுக்கறி’ என்பதே இயல்பான பெயர். நெஞ்செலும்பின் நடுவில் படகின் அடிப்பகுதிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான எலும்பின் இருபுறமும் ஒட்டியிருக்கும் தடித்த தசைகளே அவை. ஒவ்வொன்றின் அடியிலும் விரல் போன்ற சிறு தசை ஒன்று தனியே பிரியும். பறப்பதற்கான தசை இது. வான்கோழி நெடுநேரம் பறப்பதில்லை ஆதலால் உயிர்வளியை (ஆக்சிஜனை) சேமித்து வைக்கும் சிவப்பு நிறமி இதில் குறைவு, கொழுப்பும் குறைவு. எனவேதான் வெந்த கறி வெண்மையாக இருக்கிறது. சற்றே கூடுதலாக வெந்தாலும் பஞ்சுபோல் உலர்ந்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

அந்த உலர்வைத் தடுக்கும் முதல் செயலுக்கு ‘பிரைன் செய்தல்’ என்று குறிப்புகள் எழுதுகின்றன. எந்திரமோ ‘உப்புநீராக்கவும்’ என்று பெயர்த்துவைக்கிறது. ‘உப்புநீரில் ஊறவைத்தல்’ என்றால் எவருக்கும் விளங்கும். ஊறுதல் என்ற வினை, நீரும் சுவையும் மெல்ல உள்ளே இறங்குவதைத் தன்னுள்ளேயே சொல்லிவிடுகிறது. ஊறுகாயின் ‘ஊறு’ம் அதுவே. ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 60 கிராம் உப்பு கரைத்து, கறி முழுவதும் மூழ்கும்படி வைத்து, குளிர்பெட்டியில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட்டால் போதும். உப்பு தசையின் புரதங்களில் சிலவற்றைக் கரைத்துத் தளர்த்துவதால், வேகும்போது கறி தன் நீரை அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. வாங்கும் பொட்டலத்தில் உப்புக் கரைசல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருப்பதாக எழுதியிருந்தால் இந்த ஊறல் வேண்டாம். கறி உப்புக் கரிக்கும். உறைந்த கறியாயின் அதற்கு முன்னரே குளிர்பெட்டியில் வைத்து உறைவு நீக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கிடலாம்.

‘ஓவன்’ என்னும் மூடிய அடுப்பில் வைத்துச் சமைப்பதற்கு ‘வறுத்தல்’ என்று எழுதுவதையும் நான் ஏற்பதில்லை. வறுப்பது சட்டியில் கிளறிச் செய்யும் வேலை; சுற்றிலும் உள்ள வெப்பத்தில் கறியை வேகவைப்பதற்குச் ‘சுடுதல்’ என்ற பழைய வினையே பொருந்தும். ஊறிய கறியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தோலுக்கும் தசைக்கும் இடையே விரல்களை மெல்ல நுழைத்துப் பிரித்து, அந்த இடைவெளியில் வெண்ணெயைத் தடவி, 165 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். எலும்போடு இரண்டு கிலோ அளவுள்ள நெஞ்சுக்கறிக்கு ஒன்றரை மணியிலிருந்து இரண்டேகால் மணி வரை ஆகும். ஆனால் கடிகாரத்தை நம்புவதைவிட வெப்பமானியை நம்புவதே சரி. தடிமனான இடத்தில், எலும்பில் முட்டாதபடி செருகிப் பார்க்கும்போது 74 டிகிரி காட்ட வேண்டும். எலும்பில் பட்டால் காட்டும் அளவு பிழைபடும்.

அடுத்து வருவதை ‘ஓய்வு கொடுக்கவும்’ என்று எழுதுகிறார்கள். ‘ஆறவிடவும்’ என்றாலே போதும், ஏனெனில் ஆறுதல் என்பது சூடு தணிதலையும் அடங்கி அமைதலையும் சேர்த்துக் குறிக்கும் சொல். சுட்ட கறியில் நடப்பதும் இவ்விரண்டுமே. பதினைந்து அல்லது இருபது நிமிடம் ஆறிய பிறகு நெஞ்செலும்பையொட்டிக் கத்தியை இறக்கி ஒரு பக்கத் தசையை முழுதாகக் கழற்றி, பலகையில் வைத்துத் தசை நார் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாரை ஒட்டி நீளவாக்கில் அறுத்தால் துண்டுகள் இழை இழையாக வாயில் நிற்கும். நாருக்குக் குறுக்கே அரை விரல் தடிமனில் அறுத்தால் இழைகள் குட்டையாகி, மென்றவுடனேயே விட்டுக்கொடுக்கும்.