ஒரே ஒரு சமக்குறிக்கு இவ்வளவு சோதனையா?

தக்கலையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார்: "லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரைவருக்கு வந்த பேட்சைப் பார்த்தேன் சார். ஒரு லூப்பில் <= என்று இருந்ததை < ஆக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதுக்குப் போய் இத்தனை கேள்வி, இத்தனை சோதனையா? பேட்ச் போடாமலே என் லேப்டாப்பில் அந்த டிரைவர் ஒழுங்காத்தானே ஓடுது?"

கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. பிழையுள்ள டிரைவர் ஏன் ஒழுங்காக ஓடுகிறது? (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி; டிரைவர், ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்; பேட்ச், நிரலில் செய்யும் திருத்தம்.) பிழை இதுதான்: <= என்று இருந்தால் லூப் ஒரு படி கூடுதலாக ஓடி, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும்.

பேட்சைப் படித்துப் பார்ப்பவர் கேட்கிற கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பிழை எந்த கமிட்டில், அதாவது பதிவான எந்த மாற்றத்தில், நுழைந்தது? (அதன் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளை பேட்சின் 'ஃபிக்ஸஸ்' வரியில் குறிப்பிடுவது வழக்கம்.) லூப் எழுதும் பஃபரை (தரவை வைக்க ஒதுக்கிய நினைவக இடத்தை) வேறு யார் தொடுகிறார்கள்? கடைசி இடம் சரத்தின் முடிவுச் சுழியத்துக்காக வேண்டுமென்றே விட்டதா? அப்படியானால் பழைய <= தான் சரி; 'திருத்தம்' புதுப் பிழையாகிவிடும். செக்பேட்ச் ஸ்கிரிப்ட் இடைவெளி, வரி நீளம் போன்றவற்றைப் பார்க்குமே தவிர, இதையெல்லாம் கண்டுகொள்ளாது.

இனி லேப்டாப்புக்கு வருவோம். டிரைவர் 123 பைட் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் 123 பைட்டை அளந்து தருவதில்லை. 64, 96, 128, 192 என்று முன்கூட்டியே வெட்டி வைத்த துண்டுகளிலிருந்து 128 பைட் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கும். மீதி 5 பைட் சும்மா கிடக்கும். லூப் ஒரு படி கூடுதலாகப் போய் 124-ஆவது பைட்டில் எழுதினாலும், அது அந்தச் சும்மா கிடக்கும் இடத்தில்தான் விழுகிறது. யாருக்கும் அடிபடவில்லை. நாளைக்கு இன்னொருவர் பஃபரின் அளவை 128 ஆக்குவார். அன்றைக்கு அதே லூப் பக்கத்துத் துண்டின் முதல் பைட்டை அழிக்கும். பக்கத்தில் இருப்பது நெட்வொர்க் பாக்கெட்டாகவோ ஃபைல் சிஸ்டத்தின் தரவாகவோ இருக்கலாம். அடி ஒரு இடத்தில் விழ, அலறல் வேறொரு இடத்தில் கேட்கும்.

இந்தச் சத்தமில்லாத தவற்றைச் சத்தம் போட வைக்கும் கருவி கேசன் (KASAN). 2015-இல் வந்த கெர்னல் 4.0-இல் சேர்ந்தது. இதன் வேலைநுட்பம் எத்தனை முறை படித்தாலும் அலுக்காது.

நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் கேசன் தனியே ஒரு நிழல் பைட்டை வைத்துக்கொள்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடு மாதிரி: வயல் வேறிடத்தில் இருக்கும், யாருக்கு எதுவரை உரிமை என்பது ஏட்டில் இருக்கும். நிழல் பைட்டின் மதிப்பு 0 என்றால் எட்டையும் தொடலாம். 1 முதல் 7 வரையிலான எண் என்றால் முதல் அத்தனை பைட்டுகளை மட்டும் தொடலாம். எதிர்ம மதிப்பு என்றால் எதையுமே தொடக்கூடாது. நம் 123 பைட்டுக்கு ஏட்டில் பதினைந்து 00, அடுத்து ஒரு 03. 15 பெருக்கல் 8 என்றால் 120, அதோடு 3. அதற்கப்பால் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்காக ஒரு பட்டை.

ஏட்டில் எந்த வரியைப் பார்ப்பது? முகவரியை எட்டால் வகுத்து, ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால் நிழலின் முகவரி வந்துவிடும். தேடல், பட்டியல் எதுவும் வேண்டாம். கம்பைலரே நினைவகத்தில் ஒவ்வொரு முறை வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செருகிவிடுகிறது. 124-ஆவது பைட் தன் எட்டுக்குள் நான்காவது, ஏட்டில் 3 என்று இருக்கிறது, அங்கேயே பிடிபடும். அறிக்கையில் எந்த ஃபங்ஷன் எழுதியது, இடத்தை ஒதுக்கியது யார், சுற்றியுள்ள நிழல் பைட்டுகள் எல்லாம் வரும்; குற்றவாளி 03-இன் அடியில் ஒரு கூர்முனைக் குறியும் இருக்கும்.

விடுவித்த நினைவகத்தையும் கேசன் உடனே மறுபடி கொடுப்பதில்லை. தடைக்குறி போட்டுச் சிறிது காலம் ஒதுக்கி வைக்கிறது. விட்ட இடத்தை மறுபடி தொடும் பிழைகளும் இரண்டு முறை விடுவிக்கும் பிழைகளும் இதனால்தான் சிக்குகின்றன. இதற்கெல்லாம் விலை உண்டு: நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போகும், 2 ஜிபி என்றால் 256 எம்பி. வேகமும் குறையும்.

சோதிக்கும் முறை இது. மேக் டெஃப்கான்ஃபிக் (இயல்பான கட்டமைப்புக்கான கட்டளை), அதன்மேல் மேக் கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக் (மெய்நிகர் கணினிக்கானது), பிறகு கேசனையும் அந்த டிரைவரையும் இயக்கி, பேட்ச் போடாமல் கெர்னலைக் கட்டுங்கள். மெய்நிகர் கணினியை உருவாக்கும் குவீமுவில் 2 ஜிபி நினைவகம் கொடுத்து ஓட்டி, முதலில் அறிக்கையை வரவழையுங்கள். அதன்பின் பேட்சைப் போட்டுக் கட்டி, அதே செயலை மறுபடி செய்யுங்கள். இப்போது அறிக்கை வரக்கூடாது. முதல் பாதியைச் செய்யாதவருக்கு இரண்டாம் பாதி எதையும் நிரூபிக்காது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் "ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாயிட்டு" என்பதைச் சோதனை என்று எழுதுவது சுத்த மூடநம்பிக்கை.

சறுக்குமிடங்கள் இரண்டு. ஒன்று, பழைய கெர்னலையே பூட் செய்துவிட்டுப் புதியது என்று நம்புவது; கட்டமைப்பின் லோக்கல் வெர்ஷனில் ஒரு பெயர் சேர்த்து, ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் யூநேம் கட்டளையில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பொல்லாதது: கேசன் இயல்பாக முதல் பிழையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். வேறு டிரைவர் ஒன்று முந்திக்கொண்டு பிழை செய்துவிட்டால், உங்களுடைய பிழை அறிக்கையில் வராது. பூட் வரியில் கேசன்_மல்டி_ஷாட் சேர்க்க வேண்டும்.

நிஜ வைஃபை சில்லுக்கான டிரைவர் என்றால் குவீமு மட்டும் போதாது, வன்பொருள் வேண்டும். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் மார்த்தாண்டம், குளச்சல், தோவாளை என்று எத்தனை வீட்டுப் பரணில் தூங்குகின்றன! கல்லூரிகள் ஆய்வகத் திறப்பு விழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கில் அவற்றில் இருபதை வாங்கி அடுக்கினால், நல்லதொரு சோதனைக்கூடம் தயார். கெர்னலைக் கட்டுவதை மட்டும் வேறொரு வேகமான மெஷினில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பேட்சின் 'சோதித்தவர்' வரியில் உங்கள் பெயரைப் போடுமுன்: எந்தச் சில்லு, எந்தக் கட்டமைப்பு, பேட்சுக்கு முன் என்ன அறிக்கை வந்தது என்று எழுதுங்கள். அந்த பஃபர் தனி ஒதுக்கீடாக இல்லாமல் ஒரு ஸ்ட்ரக்ட்டின் (பல உறுப்புகள் சேர்ந்த தரவுத் தொகுப்பின்) நடுவே இருக்கும் வரிசையாக இருந்தால், எல்லை தாண்டிய பைட் பக்கத்து உறுப்பில் விழும். முழு ஸ்ட்ரக்ட்டும் ஏட்டில் 00 என்பதால் கேசன் ஒன்றும் சொல்லாது. வரிசையின் அளவு நிலையானது என்றால் யூபிசன் (UBSAN) என்ற இன்னொரு கருவியின் எல்லைச் சோதனை பிடிக்கும். அதையும் இயக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள்.