குழந்தையின் பெயரில் ஒளிந்திருந்த சீரியல்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சீரியல் பார்த்துக் குடும்பம் கெட்டுப்போகிறது என்று சிலர் சொல்கிறார்கள், சினிமாவிலிருந்து நல்லது கற்றுக்கொள்ளலாம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். டிவி பார்த்து ஜனங்கள் மாறுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் வெறும் பேச்சுதானா?"

இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வு.

1970-ல் பிரேசிலில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5.8 குழந்தைகள். 1991-ல் அது 2.9 ஆகிவிட்டது, அதாவது சரிபாதி. சீனாவைப் போல அரசு சட்டம் போடவில்லை, நம் ஊரைப் போலச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து பிரசாரமும் செய்யவில்லை, நாடோ கத்தோலிக்க நாடு. படிப்பு கூடியது, ஜனங்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது, பெண்கள் வேலைக்குப் போனது என்று வழக்கமான காரணங்களும் உண்டு, அவையும் உண்மைதான். ஆனால் அதே காலத்தில் நாடு முழுக்க இன்னொன்றும் பரவிக்கொண்டிருந்தது. 1965-ல் தொடங்கிய குளோபோ டிவியும் அதன் மாலை நேரத் தொடர்களும். அங்கே அவற்றை நொவேலா என்பார்கள். வாரத்துக்கு ஆறு நாள் ஓடும், சில மாதங்களில் கதை முடிந்துவிடும், ஏழை பணக்காரர் எல்லோரும் பார்ப்பார்கள்.

எலியானா லா ஃபெராரா, ஆல்பெர்டோ சோங், சூசன் துரியே ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 1965 முதல் 1999 வரை வந்த 115 நொவேலாக்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 50 வயதுக்கு உட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று எண்ணினார்கள். 72 சதவீதம் பேருக்குக் குழந்தையே இல்லை, 21 சதவீதம் பேருக்கு ஒன்றே ஒன்று. கதை குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றியதே இல்லை. காதல், துரோகம், சொத்துத் தகராறு என்று வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகிறது, வீட்டில் பிள்ளைகள் குறைவாக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, சிக்கல் இங்கேதான். டிவி முதலில் வசதியான ஊருக்குத்தான் போகும், வசதியான ஊரில் பிள்ளைகளும் குறைவாகத்தான் பிறக்கும், அப்படியிருக்க எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது? குளோபோவின் சிக்னல் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு வருடத்தில் போய்ச் சேர்ந்தது கைகொடுத்தது. ஒரே பகுதியைச் சிக்னல் வருவதற்கு முன்னும் பின்னும் பார்த்து, அதே வருடங்களில் சிக்னல் போகாத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். சிக்னல் வந்த பிறகுதான் பிறப்பு குறைகிறது, வருவதற்கு முன்னால் இல்லை. பெண்கள் கூடுதலாக 1.6 வருடம் படித்திருந்தால் எவ்வளவு குறையுமோ அந்த அளவுக்குக் குறைகிறது, ஏழைப் பெண்களிடம் இன்னும் அதிகமாக.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. டவர் இருக்கிறது என்றால் ஜனங்கள் பார்த்தார்கள் என்று அர்த்தமா? பார்த்தாலும் மனதில் ஏற்றிக்கொண்டார்களா? அந்தக் காலத்துப் பெண்களைத் தேடிப்பிடித்துக் கேட்டால் "நானா, சீரியல் பார்த்தா?" என்பார்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தது குழந்தைகளின் பெயர்களை. இதை முதலில் படித்தபோது எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன், அவ்வளவு அழகான யோசனை. பெயர் வைப்பது ஒவ்வொரு குடும்பமும் யோசித்து எடுக்கிற முடிவு, அதற்கு ஒரு பைசா செலவில்லை, யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அப்புறம் அது பதிவேட்டில் தேதியோடு நிரந்தரமாக இருக்கிறது. ஒரு பகுதியில் அந்த வருடம் அதிகம் வைக்கப்பட்ட முதல் 20 பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வருடம் ஓடிய நொவேலாவின் முக்கியப் பாத்திரப் பெயர் ஒன்றாவது அந்தப் பட்டியலில் இருக்க, குளோபோ தெரியாத பகுதியில் 8.5 சதவீதம்தான் வாய்ப்பு. குளோபோ தெரிந்த பகுதியில் சுமார் 33 சதவீதம்! தெர்மாமீட்டரை வைத்துக் காய்ச்சல் பார்ப்பது போல, ஒரு கதை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதைப் பெயரை வைத்தே அளந்துவிட்டார்கள்.

இன்னொரு சான்றும் உண்டு. எஸ்பிடி என்ற போட்டிச் சேனல் வெளிநாட்டுத் தொடர்களை, முக்கியமாக மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவற்றை ஒளிபரப்பியது. அந்தச் சிக்னல் போன இடங்களில் பிறப்பு விகிதம் அசையவில்லை. குளோபோவிலும் கதாநாயகியின் வயதை ஒட்டிய பெண்களிடம்தான் மாற்றம் அதிகம். தன் வயதுக்காரி, தன் நாட்டுத் தெருவில் நடக்கிறாள், தன் பேச்சைப் பேசுகிறாள், அவளைப் பார்த்துத்தான் "இப்படியும் வாழலாம் போலிருக்கிறதே" என்று தோன்றுகிறது.

நல்லது இப்படி நுழைகிறது என்றால் கெட்டதும் இதே வழியில்தான் நுழையும். 1965-ல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார். அதில் ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையைப் போட்டு அடிக்கிறார். ஒரு குழுவுக்குக் காட்டிய படத்தின் முடிவில் அவருக்குப் பாராட்டு, இன்னொரு குழுவுக்குக் காட்டியதில் திட்டும் அடியும், மூன்றாவதில் எதுவுமில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் பொம்மையைக் குறைவாகவே அடித்தன. அப்புறம் "பார்த்ததைச் செய்து காட்டினால் ஜூஸும் ஸ்டிக்கரும் தருகிறோம்" என்றதும் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு செய்துகாட்டின. கற்றுக்கொண்டது எல்லாக் குழந்தைகளும்தான், தண்டனை அதை வெளியே வரவிடாமல் வைத்திருந்தது, அவ்வளவே. "கடைசி வாரத்தில் வில்லி ஜெயிலுக்குப் போய்விடுகிறாளே" என்று நம் சீரியல்காரர்கள் சொல்லும் சமாதானத்தை இதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. முந்நூறு எபிசோடு எலுமிச்சம்பழமும் செய்வினையும் பலிப்பதாகக் காட்டிவிட்டு, கடைசி நாளில் கெட்டவர்களைத் தண்டித்தால் பார்த்தது அழிந்துவிடாது.

இந்தியாவிலும் இதைத் தேடியிருக்கிறார்கள். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் உண்டு. கேபிள் வந்த ஊர்களில் மனைவியை அடிப்பதை நியாயம் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் தளர்ந்தது என்பது அவர்கள் முடிவு. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே தரவைத் திரும்ப அலசி, முடிவு அத்தனை உறுதியானதில்லை என்று வாதிட்டார்கள். இன்னும் ஆய்வு வேண்டும் என்றுதான் இதற்கு அர்த்தம், ஆனால் இங்கே எந்த வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று அளப்பதற்கு இருக்கிற பணம், பார்த்தவர்களுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள இல்லை.

இத்தனைக்கும் பிரேசில் ஆய்வுக்குக் கிடைத்தது போன்ற வாய்ப்பு நம்மிடமும் இருக்கிறது. சென்னையில் தூர்தர்ஷன் 1975-லேயே வந்துவிட்டது, ஆனால் தென்கோடிக் கடலோர மக்கள் உயரமாக ஆன்டெனா கட்டி, 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள், கொடைக்கானல் டவர் அதற்கப்புறம்தான் வந்தது. மலை மறைத்த ஊர், கடலைப் பார்த்த ஊர் என்று இயற்கையே குழு பிரித்துக் கொடுத்திருக்கிறது. பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற நாலு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தால் போதும், முதலில் பார்க்க வேண்டியது பெயர்களைத்தான்.