இருட்டில் ஆளை அறியும் படிகம்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் சில ஆண்டுகளாக இருக்கும் திருட்டு அலாரம் பல்லி ஓடினால் அலறுகிறது. ஆனால் சென்ற மே மாதம் ஓர் இரவில் அவருடைய மகன் மாடி அறையில் நடந்தபோது வாயே திறக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கக் கடைக்குப் போனால், விற்பவர் சொல்வது எதுவும் விளங்கவில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறார். பல்லிக்கு அலறியதற்கும் மகனுக்கு அலறாததற்கும் காரணம் ஒன்றுதான் என்பதால், அதை விளக்கினாலே கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

கதவில் பொருத்தும் காந்த உணரியைப் (சென்சார்) பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு ரீட் சுவிட்ச். கதவு மூடியிருக்கும்வரை கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் ஒட்டியிருக்கும், திறந்தால் பிரியும். சுற்று எப்போதும் மூடியே இருப்பதால் கம்பியை வெட்டினாலும் அலாரம் ஒலிக்கும். மலிவானது, பழுதாவது அரிது. எல்லா வெளிக்கதவுகளுக்கும் போட்டுவிடலாம். சிக்கலும் அழகும் இருப்பது அறையின் மூலையில் வெள்ளை மூடியோடு உட்கார்ந்து, ஆளின் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு நடமாட்டத்தை அறியும் பி.ஐ.ஆர். (PIR) உணரியில்தான்.

நம் உடல் இருட்டிலும் அகச்சிவப்புக் கதிரை உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. தோலின் வெப்பநிலை 33 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது அக்கதிரின் உச்சம் 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அமைகிறது. பி.ஐ.ஆர். உணரி தானாக எதையும் அனுப்பாமல் இந்தக் கதிரை மட்டும் வாங்கிக்கொள்கிறது. சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளத்தை விடாது என்பதால் அதன் முகப்பு பாலிஎத்திலீனால் ஆனது. சன்னலுக்கு வெளியே நிற்பவரை உள்ளே இருக்கும் உணரி பொருட்படுத்தாததும் இதனால்தான்.

உள்ளே இருப்பது ஒரு சிறிய பைரோஎலக்ட்ரிக் படிகச் சில்லு. சில உணரிகளில் லித்தியம் டேன்டலேட், வேறு சிலவற்றில் பீங்கான் வகைப் பொருள்கள். இத்தகைய படிகங்களில் நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் சற்றே விலகியிருக்கும். படிகம் சூடாகும்போது அந்த விலகலின் அளவு மாறுகிறது; அதனால் அதன் இரு முகங்களிலும் சிறிதளவு மின்னூட்டம் தோன்றுகிறது. ஆனால் வெப்பநிலை மாறுவது நின்றவுடன், சுற்றியிருக்கும் மின்னூட்டங்கள் அதை ஈடுகட்டிவிட, குறிகை அடங்கிவிடும். ஆகவே இப்படிகம் சூட்டை உணர்வதில்லை, சூடு மாறும் வேகத்தைத்தான் உணர்கிறது. ஒருவர் சிறிதும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது அவரை மறந்தேவிடும்.

உணரிக்குள் இத்தகைய சில்லுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருக்கின்றன. அறை முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் சமமாகச் சூடாகி, அவற்றின் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வெள்ளை மூடியை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அதில் சிறு சிறு கட்டங்களும் வரிகளும் தெரியும். அவை ஒவ்வொன்றும், 19ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கங்களுக்காக பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் வடிவமைத்த தட்டை வில்லையின் வழிவந்தவை. இவ்வில்லைகள் அறையைப் பனையோலை விசிறியின் மடிப்புகளைப்போலப் பல கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கீற்றையும் ஒரு சில்லின்மீது குவிக்கின்றன. ஒருவர் குறுக்கே நடக்கும்போது அவருடைய வெப்பம் முதல் சில்லில் விழுகிறது, விலகுகிறது, இரண்டாவதில் விழுகிறது, மீண்டும் விலகுகிறது. ஏறி இறங்கும் ஓர் அலை பிறக்கிறது. அலாரத்தின் மூளை தேடுவது அந்த அலையைத்தான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. உணரியை நோக்கி நேராக வருபவர் ஒரே கீற்றுக்குள் நடப்பதால் பெரிய அலை எழுவதில்லை. குறுக்கே கடப்பவரே எளிதில் சிக்குவார். வாசலுக்கு நேர் எதிரே உணரியை மாட்டும் வழக்கம் பார்வைக்கு எடுப்பாக இருக்கலாம், இயற்பியலுக்கு ஒத்துவராது. பக்கத்து மூலையில், ஏழெட்டு அடி உயரத்தில் இருப்பதே சரி.

இனிப் பல்லி. அது குளிர் இரத்தப் பிராணி, சூடே இல்லையே என்று தோன்றும். ஆனால் உணரிக்கு வேண்டியது வேறுபாடு மட்டுமே. உணரியின் முகத்தின்மேலேயே ஊர்ந்தால், இரண்டு விரல் நீளமுள்ள பல்லி சில கீற்றுகளை முழுவதுமாக மறைத்து மறைத்துத் திறக்கிறது; தொலைவில் நிற்கும் ஆளைவிட அது பெரிதாகத் தெரியும். உணரியில் எரியும் சிறு சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் தேடுகிறவர்கள், உணரியின் மேல் ஊர்ந்தால் நள்ளிரவில் தெருவே எழும் என்ற உறுதியான பலனையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சிறு விளக்கை அணைத்து வைப்பதும், கம்பி நுழையும் துளையைச் சிலிக்கோனால் அடைப்பதும் போதுமான பரிகாரம்.

மகன் தப்பியதும் இதே வேறுபாட்டால்தான்; அதைக் குறைத்தது கான்கிரீட் தளம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மொட்டை மாடி, இரவில் அந்த வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. சுவர் 24 பாகையில் இருந்தால், 33 பாகையில் உள்ள தோல் ஒரு சதுர மீட்டருக்குச் சுவரைவிட ஏறத்தாழ 56 வாட் கூடுதலாக உமிழும். சுவரே 32 பாகைக்கு ஏறிவிட்டால் அந்த வேறுபாடு ஆறேழு வாட்டாகச் சுருங்கிவிடும், அதாவது முன்பிருந்ததில் ஒன்பதில் ஒரு பங்குதான். பையன் சுவரோடு கலந்துவிட்டான். எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது ‘வெப்பநிலை ஈடுசெய்தல்’ உண்டா என்பதுதான்; அது இருந்தால், அறை உடல் வெப்பத்தை நெருங்கும்போது உணரி தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும்.

இன்னும் நல்லது, ‘டூயல்’ என்று விற்கப்படும் இரட்டை உணரி. இதில் பி.ஐ.ஆருடன் ஒரு சிறு நுண்ணலை ரேடாரும் இருக்கும். 10.525 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நெருங்குபவரிடமிருந்து அது சுமார் 70 ஹெர்ட்ஸ் கூடித் திரும்பும். இதுதான் டாப்ளர் விளைவு. நேராக வருபவரை நன்றாகப் பிடிப்பது இதன் பலம். தனியாக இருந்தால் மின்சாரம் திரும்பியதும் சுழலத் தொடங்கும் மின்விசிறியையும் பிடித்துவிடும். ஆகையால் இரண்டும் ஒருசேர ஒப்புக்கொண்டால் மட்டுமே அலாரம் ஒலிக்கும்படி அமைக்கிறார்கள். பொய் அலறல் பெரிதும் குறையும். ஆனால் பி.ஐ.ஆர். பக்கம் சூட்டில் மந்தமானால் இரட்டை உணரியும் மந்தமாகும் என்பதால், வெப்பநிலை ஈடுசெய்தல் இதிலும் வேண்டும்.

இந்தப் படிக விளைவைப் பற்றி ஒரு வார்த்தை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோன டூர்மலின் கற்கள், சூடாக்கினால் சாம்பலை இழுத்தது ஐரோப்பாவில் ஒரு வேடிக்கையாக இருந்தது. 1824இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் அதற்குப் பைரோஎலக்ட்ரிக் என்ற இன்றைய பெயரைச் சூட்டினார். அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் அதனால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. ஆய்வு நிதி கேட்கும் இளைஞரிடம் மூன்றாண்டில் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்கும் குழுக்கள் அன்று இருந்திருந்தால், டூர்மலின் ஆய்வு முதல் சுற்றிலேயே கழிக்கப்பட்டிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டிக்குள் மின்வெட்டில் கைகொடுக்கும் பேட்டரி இருக்க வேண்டும். செய்தி வைஃபை வழியாக மட்டும் போகும் என்றால் மின்வெட்டில் ரவுட்டரோடு அலாரமும் ஊமையாகிவிடும். சிம் கார்டு வழியும் இருக்கட்டும். கேமரா அலாரத்துக்கு மாற்றாகாது, பெரும்பாலும் நடந்ததைக் காலையில் காட்டத்தான் அது உதவும். நாய் வளர்க்கும் வீட்டார் அதன் எடையைச் சொல்லி அதற்கேற்ற உணரியைக் கேட்க வேண்டும்.

பொருத்தியவர் கிளம்புமுன் நடைச் சோதனை முறையை இயக்கச் சொல்லி, மாடி அறையில் நீங்களே நேராகவும் குறுக்காகவும் மெதுவாக நடந்து பாருங்கள். பிறகு மே மாதத்தில், மின்விசிறியை நிறுத்திச் சன்னல்களை மூடிய அறையில், இரவு பத்து மணிக்கு அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.